ஏழு மாதச் சம்பளத்தைத் தின்ற ஒரு சொல்

(நமது பகுதி நேர நிருபர்)

மும்பை:

ஒரு இங்கிலீஷ் சொல்லுக்குத் தப்பாக அர்த்தம் சொன்னேன். அதனால் ஒரு மனிதருக்கு ஏழு மாதச் சம்பளம் போயிற்று. சொன்னவன் நான். போனது அவருக்கு.

அந்தச் சொல் ‘கிராவிட்டி’.

பள்ளிக்கூடம் போகும் உங்கள் பையனைக் கூப்பிட்டு, ‘கிராவிட்டி’ என்றால் என்னவென்று கேளுங்கள். ‘புவியீர்ப்பு விசை’ என்று உடனே சொல்வான். நியூட்டன், ஆப்பிள் பழம் எல்லாம் சொல்வான். அவன் சொல்வது சரிதான். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் நான் சொன்ன இடத்தில் அது தப்பாகப் போய்விட்டது.

சரியான அர்த்தம் எப்படித் தப்பாகப் போகும்? கேளுங்கள்.

பெட்டி விழுந்தது

2012-ம் வருஷம். அப்போது நான் ரயில்வேயில் கலாசி. வண்டிகளின் விளக்கு, மின்விசிறி, பாட்டரிகளைக் கவனிக்கும் ‘டிரெயின் லைட்டிங்’ பிரிவில் வேலை. மெட்ரிக் தேறியவன் என்பதால், நாங்கள் குடியிருந்த சாலில் எனக்கு ‘படித்த பிள்ளை’ என்று பெயர். ரேஷன் கார்டு மனுவா, பாங்கு பாரமா, கம்பெனிக் கடிதமா? இங்கிலீஷில் எது வந்தாலும் என்னிடம் கொண்டு வருவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு நாள் இரவு, நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஒரு அண்ணாச்சி ஒரு கடிதத்துடன் வந்தார். 50 வயது தாண்டியவர். ஒரு கம்பெனியில் 23 வருஷமாகச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. அந்த வாரம், சங்கிலிக் கப்பியில் மேலே தூக்கிய ஒரு இரும்புப் பெட்டி, கட்டு நழுவிக் கீழே விழுந்துவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. கீழே இருந்த இயந்திரம் ஒன்று நொறுங்கிவிட்டது.

‘‘என்னமோ எழுதிக் குடுத்திருக்காங்க தம்பி. கீழே ஒரு கையெழுத்துப் போட்டு நாளைக்கே கொண்டாரச் சொல்லுதாங்க. என்னன்னு பாருங்க’’ என்றார்.

வாசித்தேன். நீண்ட வாக்கியங்கள். பாதி புரியவில்லை. புரியாத கூட்டத்தின் நடுவே தெரிந்த முகம்போல ஒரு சொல் நின்றது. ‘கிராவிட்டி ஆப் த இன்சிடெண்ட்’ என்று இருந்தது. இன்சிடெண்ட் என்றால் சம்பவம். கிராவிட்டி எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்திலும் படித்தேன். பாட்டரி வேலையிலும் தினம் கேட்கிறேன்.

‘‘பெட்டி புவியீர்ப்பினாலே விழுந்ததுன்னு அவங்களே எழுதியிருக்காங்க அண்ணாச்சி’’ என்றேன்.

‘‘அப்போ என் மேல குத்தம் இல்லேன்னுதானே தம்பி அர்த்தம்?’’

‘‘அப்படித்தான் தெரியுது.’’

அவர் முகம் தெளிந்தது. கையெழுத்துப் போட்டார். நான்தான் பேனா கொடுத்தேன்.

இரண்டு வாரத்தில் வேலையிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. அவர் கையெழுத்துப் போட்டது, குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன் என்ற வரியின் கீழே!

அண்ணன் யார், தம்பி யார்?

உத்தரவை எடுத்துக்கொண்டு, எங்கள் ஆபீசில் இருந்த ஒரு மூத்த குமாஸ்தாவிடம் ஓடினேன். அவர் மராத்திக்காரர். தொழிற்சங்க வேலையில் ஊறியவர். இரண்டு கடிதங்களையும் வாசித்தார். அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தார். ‘‘இது என்ன தெரியுமா? காம்பீர்ய!’’ என்றார்.

எனக்கு அதுவும் புரியவில்லை. கம்பீரம் என்றல்லவா காதில் விழுகிறது?

அன்றைக்கு அவர் விளக்கிச் சொன்னதையும், பிறகு அகராதிகளைப் புரட்டி நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

லத்தீன் மொழியில் ‘கிராவிஸ்’ என்று ஒரு சொல். அதற்குக் கனமான, பாரமான என்று அர்த்தம். அதிலிருந்து பிறந்ததுதான் கிராவிட்டி. சமஸ்கிருதத்தில் உள்ள ‘குரு’ என்ற சொல்லும் இதே வம்சம். குரு என்றாலும் முதல் அர்த்தம் பாரமானது என்பதே. மதிப்பில் பாரமானவர் என்பதால் ஆசிரியர் குரு ஆனார். புவியீர்ப்பை இந்தியிலும் மராத்தியிலும் ‘குருத்வாகர்ஷண்’ என்று சொல்வது இதனால்தான். குருவுக்கு எதிர்ப்பதம் லகு. நாம் ‘இலகுவான வேலை’ என்கிறோமே, அதே லகு!

இங்கிலீஷ்காரர்கள் கிராவிட்டி என்ற சொல்லை எடுத்துக்கொண்டபோது, முதலில் எந்த அர்த்தத்தில் வழங்கினார்கள்? பூமி இழுப்பதற்கு அல்ல. ஒரு மனிதனின் பெருந்தன்மை, ஒரு விஷயத்தின் முக்கியம், ஒரு குற்றத்தின் கடுமை, இவற்றுக்குத்தான். விஞ்ஞான அர்த்தம் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் கழித்தே வந்து ஒட்டிக்கொண்டது. நியூட்டன் தன்னுடைய பெரிய புத்தகத்தை வெளியிட்டது 1687-ல்.

ஆகவே ஆபீஸ் கடிதத்தில் வரும் கிராவிட்டிதான் அண்ணன். பள்ளிக்கூடத்துக் கிராவிட்டி தம்பி. நமக்குத் தம்பியைத்தான் அறிமுகம் செய்துவைத்தார்கள். அண்ணன் யாரென்று யாரும் சொல்லவில்லை.

தமிழில் இது புதிதா?

தமிழில் இதற்குச் சமமாக ஒரே சொல் சொல்லவேண்டுமானால், ‘கனம்’ என்று சொல்லலாம். எண்ணிப் பாருங்கள். மூட்டை கனம். மழை கனம். ‘கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு’ என்று அந்தக் காலத்தில் மனு எழுதினார்கள். மரியாதைக்கும் கனம். தன்னைத்தானே பெரிதாக நினைப்பவனுக்குத் தலைக்கனம். துக்கச் செய்தி சொல்கிறவர், ‘கனத்த இதயத்துடன்’ என்று ஆரம்பிக்கிறார். தராசில் நிற்கும் கனமும், மனசில் நிற்கும் கனமும் நமக்கு ஒரே சொல்தான். இங்கிலீஷ்காரனுக்கும் அப்படியே.

குற்றத்தைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நாம் ‘கடுமை’, ‘தீவிரம்’ என்று சொல்கிறோம். பத்திரிகையில் ‘நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து’ என்று வாசிக்கிறீர்களே, அந்தத் தீவிரம்தான் கிராவிட்டி.

மும்பையில் பிழைக்கும் தமிழனுக்கு இதில் இன்னொரு பள்ளமும் உண்டு. அதுதான் அந்த ‘காம்பீர்ய’. இந்தியிலும் மராத்தியிலும் ‘கம்பீர்’ என்றால் ஆபத்தான, கடுமையான என்று அர்த்தம் வரும். தமிழில் கம்பீரம் என்றால் மிடுக்கு!

ஊரிலிருந்து வந்த புதிதில், எங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மைத்துனர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே அவருடைய அண்ணன். ‘‘ஹாலத் கம்பீர் ஹை’’ என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டார். இவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போன் செய்து, ‘‘அண்ணன் கம்பீரமா இருக்காராம், பயப்படாதீங்க’’ என்றார். நல்லவேளையாக, இந்தி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார். வீட்டார் அன்றே புறப்பட்டு வந்தார்கள். அண்ணன் பிழைத்துக்கொண்டதால் இன்று இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கர்ஜத்தில் சேரும் எஞ்சின்

பள்ளிக்கூடத்துக் கிராவிட்டியையும் லேசாக நினைக்கவேண்டாம். அதுவும் நம் பிழைப்போடு ஒட்டியதுதான்.

சென்னை மெயிலிலோ, நாகர்கோவில் எக்ஸ்பிரசிலோ ஊருக்குப் போகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். கர்ஜத் ஸ்டேஷனில் வடாபாவ் விற்கிறவர் ஜன்னலோரம் வருவார். அதே நேரம் வண்டியின் பின்னால் ‘தடக்’ என்று ஒரு இடி. பின்பக்கம் எஞ்சின்கள் வந்து சேர்கின்றன என்று அர்த்தம். ரயில்வேயில் அவற்றை ‘பாங்கர்’ என்போம்.

கர்ஜத்திலிருந்து லோனாவளா வரை சுமார் 28 கிலோமீட்டர். இதுதான் போர்காட் மலைப்பாதை. 1863-ல் திறக்கப்பட்டது. இதன் ஏற்றம் 37-க்கு 1. அதாவது 37 அடி முன்னே போனால் ஒரு அடி மேலே ஏறவேண்டும். நடந்து போகிறவனுக்கு இது பெரிய ஏற்றம் அல்ல. ஆனால் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஏறவேண்டுமே! பூமி அத்தனை பெட்டிகளையும் பின்னால் இழுக்கிறது. முன்னே ஒரு எஞ்சின் இழுத்தால் போதாது. பின்னாலிருந்தும் தள்ளவேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய காரியம். ஊரிலிருந்து திரும்பி வரும்போது, மலையில் வண்டி நின்று நின்று இறங்குவதைப் பார்த்து, ‘‘சிக்னல் கிடைக்கவில்லை போல’’ என்று முணுமுணுப்போம். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் நிறுத்துகிறார்கள். கட்டுமீறி ஓடிவரும் வண்டியைத் திருப்பிவிட, மலையில் தனிக் கிளைப்பாதைகள் உண்டு. ‘காட்ச் சைடிங்’ என்று பெயர். அந்தப் பாதை மேடாக ஏறிப்போகும். பள்ளத்தில் ஓடிவந்த வண்டியின் வேகத்தை அந்த மேடே தின்றுவிடும். எந்தக் கிராவிட்டி வண்டியை ஓடவைத்ததோ, அதே கிராவிட்டியால் அதை நிறுத்துகிற ஏற்பாடு!

அந்தக் காலத்தில் சரக்கு வண்டிகளைப் பிரித்துச் சேர்க்கவும் இதே வேலைதான். மொகல்சராய் போன்ற பெரிய யார்டுகளில், ஒரு செயற்கை மேட்டுக்கு வாகன்களைத் தள்ளிக்கொண்டு போய், உச்சியில் ஒவ்வொன்றாகக் கழற்றி விடுவார்கள். எஞ்சின் இல்லாமலே வாகன் உருண்டு, தனக்குரிய தண்டவாளத்தில் போய்ச் சேரும். இதற்கு ‘கிராவிட்டி ஷண்டிங்’ என்று பெயர்.

மேட்டுக்கு ஏறாத தண்ணீர்

மும்பைக்குக் குடிதண்ணீர் எப்படி வருகிறது என்று யோசித்ததுண்டா?

விஹார் ஏரியிலிருந்து 1860-ல் குழாய்த் தண்ணீர் வந்தது. துளசி ஏரி 1879-ல். தான்சா 1892-ல். பிறகு வைதர்ணா, பாத்சா என்று தூரத்து ஏரிகளும் சேர்ந்தன. நகரத்துக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெரிய குழாய்களிலும், பூமிக்கடியில் குடைந்த சுரங்கங்களிலும் தண்ணீர் வருகிறது. அதில் ஒரு பங்கு பம்பு வைத்துத் தள்ளப்படுவதில்லை. ஏரி மேட்டில் இருக்கிறது. நகரம் பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் தானாக இறங்கி வருகிறது. பிறகு அதைக் குன்றுகளின் மேல் உள்ள தேக்கங்களில் நிரப்பி, அங்கிருந்து கீழே விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுடன் மலபார் ஹில் தொங்கும் தோட்டத்துக்குப் போகிறீர்களே, அந்தத் தோட்டத்துக்கு அடியிலேயே ஒரு தண்ணீர்த் தேக்கம் இருக்கிறது.

தானாக இறங்கும் தண்ணீர் தானாக ஏறாது. காட்கோபர், பாண்டூப் பக்கம் குன்றுகளில் ஏறிக் குடிசை போட்டவர்களைக் கேளுங்கள். கீழ்த் தெருவில் குடம் நிரம்பி வழியும். அதே நேரத்தில் மேல் வரிசையில் குழாய் ‘புஸ்’ என்று காற்று விடும். பள்ளத்தில் உள்ளவர் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சிவிட்டால், மேட்டில் உள்ளவருக்கு அந்தக் காற்றும் கிடையாது. குடத்தை இடுப்பில் வைத்து ஏறவேண்டியதுதான். 37-க்கு 1 ஏற்றத்துக்கு ரயிலுக்குப் பின்னால் எஞ்சின் தருகிறார்கள். இந்தப் பெண்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

பாட்டரியும் பாலும்

நான் கலாசியாக இருந்தபோது தினம் கேட்ட கிராவிட்டி வேறு ஒன்று. ‘‘கிராவிட்டி பார்த்தாயா?’’ என்று மேஸ்திரி கேட்பார். பெட்டிக்கு அடியில் உள்ள பாட்டரியின் திராவகத்தில் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்க்கவேண்டும். இதன் முழுப்பெயர் ‘ஸ்பெசிபிக் கிராவிட்டி’. பாடப்புத்தகத்தில் ஒப்படர்த்தி என்று இருக்கும். ஒரு பொருள் அதே அளவு தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பதே அது.

தண்ணீருக்கு 1.000 என்று வைத்துக்கொள்கிறார்கள். சார்ஜ் நன்றாக ஏறிய பாட்டரித் திராவகம் 1.200-க்கு மேல் காட்டும். சார்ஜ் இறங்க இறங்க, திராவகத்தில் உள்ள கந்தக அமிலம் தகடுகளில் போய்ச் சேர்ந்துவிடும். மிஞ்சுவது தண்ணீர்ச் சத்து. கனம் குறையும். மிதவை கீழே இறங்கும். கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தை இப்படிக் கனத்தால் அளக்கிறோம். இப்போது முழுவதும் மூடிய பாட்டரிகளும் வந்துவிட்டன. அவற்றில் இந்தச் சோதனைக்கு வழியில்லை.

பால் சோதிக்கும் லாக்டோமீட்டரும் இதே தத்துவந்தான். சுத்தமான பசும்பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். ஏறக்குறைய 1.030. தண்ணீர் கலந்தால் கனம் குறைந்து மிதவை ஆழப் போகும். ஆனால் கைதேர்ந்த பால்காரர் இதையும் ஏமாற்றுவார். ஆடையை எடுத்துவிட்டால் பாலின் கனம் கூடும். கூடிய கனத்துக்குத் தண்ணீரை ஊற்றிச் சரிக்கட்டிவிட்டால் மிதவை ஒன்றும் சொல்லாது!

கருவி சொல்லும் ஒரே எண்ணை நம்பி ஏமாறுவதும், கடிதத்தில் தெரிந்த ஒரே சொல்லை நம்பி ஏமாறுவதும் ஒன்றுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

அண்ணாச்சியின் சைக்கிள்

வேலை போன அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. அவர் மனைவி விடியற்காலம் மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவிப்பார். அண்ணாச்சி அதை ஒரு பழைய சைக்கிளில் வைத்து விற்கப் போனார். தாராவியிலிருந்து விடியுமுன் புறப்படும் இட்லிக்காரர்களை மும்பையில் பார்க்காதவர் யார்?

முதல் நாளே சைக்கிள் சாய்ந்தது. இட்லியும் சாம்பாரும் ரோட்டில்! பாத்திரங்களைக் காரியரில் ஒன்றின்மேல் ஒன்றாக உயரமாக அடுக்கியிருந்தார். ஒரு பழைய இட்லிக்காரர் சைக்கிளை நிமிர்த்தி, ‘‘பாரத்தை மேலே வைக்காதீங்க அண்ணாச்சி. சாம்பார், சட்னி கேனை ரெண்டு பக்கமும் தாழத் தொங்கவிடுங்க. எடை சமமா இருக்கணும்’’ என்று சொல்லிக் கொடுத்தார்.

இதைத்தான் ‘சென்டர் ஆப் கிராவிட்டி’ என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். தமிழில் புவியீர்ப்பு மையம். மொத்தப் பாரமும் ஒரு புள்ளியில் நிற்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி தாழ இருக்க இருக்கப் பொருள் லேசில் சாயாது. இட்லிக்காரருக்குப் பெயர் தெரியாது. விஷயம் தெரியும். எனக்குப் பெயர் தெரிந்தது. விஷயம் தெரியவில்லை.

தராசில் ஒரு தட்டு

மூத்த குமாஸ்தா அப்பீல் மனு எழுதினார். அதில் அவர் பிடித்ததும் அதே கிராவிட்டியைத்தான்!

1946-ம் வருஷத்துத் தொழில் நிறுவன நிலையாணைகள் சட்டம் அப்போது அமலில் இருந்தது. அதன்கீழ் வகுத்த மாதிரி நிலையாணைகளில், தண்டனை கொடுக்குமுன் மூன்று விஷயங்களைப் பார்க்கவேண்டும் என்று இருந்தது. ஒன்று, குற்றத்தின் கிராவிட்டி. இரண்டு, தொழிலாளியின் பழைய நடத்தை. மூன்று, குற்றத்தின் பாரத்தைக் கூட்டுகிற அல்லது குறைக்கிற வேறு சூழ்நிலைகள்.

‘‘இவர்கள் முதல் கல்லை மட்டும் தராசில் போட்டிருக்கிறார்கள். 23 வருஷத்தில் ஒரு மெமோ கிடையாது. அது எந்தத் தட்டில்? கட்டும் கயிறு நைந்திருந்ததாக இவர் ஏற்கெனவே மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறார். அது எந்தத் தட்டில்?’’ என்று கேட்டார் குமாஸ்தா.

கிராவிட்டி என்பது தொழிலாளியை அடிக்கும் தடி மட்டும் அல்ல என்று அன்றுதான் தெரிந்தது. குற்றத்துக்குத் தக்கபடியே தண்டனை இருக்கவேண்டும் என்பதற்கும் அந்தச் சொல்தான் காவல். வேலைநீக்கம் அளவுக்கு மீறிய தண்டனை என்று தெரிந்தால் அதைக் குறைக்கும் அதிகாரம், 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 1971-ல் சேர்த்த 11-ஏ பிரிவின்படி தொழிலாளர் கோர்ட்டுக்கு இருந்தது. மனுவில் அதையும் குறிப்பிட்டார்.

ரயில்வேயிலும் இது உண்டு. 1968-ம் வருஷத்து ஒழுங்கு மற்றும் அப்பீல் விதிகளின்படி, பெரிய தண்டனைக்கு ‘எஸ்.எப். 5’, சிறிய தண்டனைக்கு ‘எஸ்.எப். 11’ என்று குற்றப்பத்திரிகை வரும். எந்தக் காகிதம் வரும் என்பதைக் குற்றத்தின் கனத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். எஸ்.எப். 5 என்றால் வீட்டில் அடுப்பு எரியாது. அத்தனை கனம்!

இன்னும் ஒரு வேடிக்கை. கடிதங்களில் ‘அக்ரவேட்டிங்’ என்று ஒரு சொல் வரும். அதுவும் இதே குடும்பம். பாரத்தைக் கூட்டுகிற என்று அர்த்தம். ‘கிரீவன்ஸ்’ என்று குறைதீர்க்கும் மனுவுக்குச் சொல்கிறோமே, அதுவும் இதே குடும்பம். மனசில் ஏறிய பாரம் என்று அர்த்தம். மேலேயிருந்து வரும் கடிதத்தில் கிராவிட்டி. கீழேயிருந்து போகும் மனுவில் கிரீவன்ஸ். இரண்டுக்கும் வேர் ஒன்றே! கல்லறைக்கு இங்கிலீஷில் ‘கிரேவ்’ என்கிறார்களே, அது மட்டும் வேறு குடும்பம். தோண்டுவது என்ற சொல்லிலிருந்து வந்தது.

கையெழுத்துக்கு முன்

அண்ணாச்சிக்கு ஏழு மாதம் கழித்து வேலை திரும்பக் கிடைத்தது. கம்பெனி சமரசத்துக்கு வந்தது. ஆனால் ஏழு மாதச் சம்பளம் இல்லை. இரண்டு இன்கிரிமெண்ட் வெட்டு. தை மாதம் நடக்கவேண்டிய மகள் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று.

அந்த மூத்த குமாஸ்தா எனக்குச் சொன்ன புத்திகளை வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

கடிதம் கொடுத்தால் வாங்க மறுக்காதீர்கள். ஆனால் கையெழுத்தின் பக்கத்தில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மட்டும் எழுதுங்கள். தேதியும் போடுங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் தமிழிலேயே எழுதலாம். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற வரி இருக்கிறதா என்று, இரண்டு பேரிடம் காட்டிக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் எழுத எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பதிலில், உங்கள் பழைய சர்வீசையும், அன்றைய சூழ்நிலையையும் தவறாமல் எழுதுங்கள். தராசின் இரண்டாவது தட்டில் கல் வைக்கவேண்டியவர் நீங்கள்தான். அவர்கள் வைக்கமாட்டார்கள்.

நிலையாணைகளை இங்கிலீஷிலும், பெரும்பான்மைத் தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் எழுதி ஒட்டவேண்டும் என்று அந்தப் பழைய சட்டத்தில் இருந்தது. ஆனால் இந்த ஊரில் பெரும்பான்மை மொழி தமிழ் அல்லவே! நமக்கு ஒட்டிவைப்பவர் யாரும் இல்லை. நம்மில் நாலு எழுத்துப் படித்தவர்கள்தான் அந்த ஒட்டிய காகிதம். அதனால்தான் படித்தவனுக்குப் பொறுப்பு கூடுகிறது.

நான் பரீட்சை எழுதிக் குமாஸ்தாவாகி வருஷங்கள் ஆகிவிட்டன. அண்ணாச்சி ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். ஊருக்குப் போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தார். அத்தனை வருஷமும் அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அன்றைக்கு நானாகவே அந்தப் பேச்சை எடுத்து, ‘‘என்னாலேதான் உங்களுக்கு அத்தனை கஷ்டம் அண்ணாச்சி’’ என்றேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

‘‘உங்க மேல கோவம் இல்ல தம்பி. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வேற ஆளப் பாத்திருப்பேன்’’ என்றார்.

இப்போதும் என்னிடம் கடிதம் கொண்டு வருகிறார்கள். வாசித்துச் சொல்கிறேன். சந்தேகமான சொல் வந்தால், ‘‘எனக்குத் தெரியவில்லை, நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன்’’ என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லும்போது, படித்த பிள்ளை என்ற பெயருக்குக் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் என்ன கனம் ஏறும் என்று எனக்குத் தெரியும்.